மோசமான நாளை எழுதுங்கள்

செயின்ட்-மிஷேல், மொன்ட்ரியால்
12 நவம்பர் 2006

அன்புள்ள செலீன்,

மரித்தோர் தினத்தன்று நீர் ரெலிபோனை அடித்து வைத்த பிறகு நான் திரும்ப எடுக்கவில்லை. நீரும் எடுக்கவில்லை. வாயால் கதைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழியும்.

மாமாவைப் பற்றி நீர் கேட்பது வேறு, இங்கே நடப்பது வேறு. ஞாயிறு நீர் எடுக்கும்போது, "ஓம் மகள், சாப்பிட்டனான், சுகமாயிருக்கிறன்" என்பார். வைத்த பிறகு, "ஆர் கதைச்சது?" என்று என்னிடம் கேட்பார். எல்லா நாளும் அப்படியில்லை. கிழமையில் இரண்டு மூன்று நாள் தெளிவாக இருப்பார். தலைமன்னார் இறங்குதுறையில் கஸ்ரம்ஸ் கிளாக்காக இருந்தபோது யாருடைய பெட்டியில் என்ன பிடித்தார் என்று பேத்தி றொஷினிக்குச் சொல்லுவார். மற்ற நாட்களில் சேர்ட்டுக்குள் கையை எப்படி விடுவதென்று தெரியாமல் கட்டிலில் இருப்பார்.

நான் ஐந்து மணிக்கு எழும்புகிறேன். அவரைக் கக்கூசுக்குக் கூட்டிப்போய், கழுவி, உடுப்பு மாற்றி, பாணும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு ஏழரைக்கு டோர்வலில் நிற்க வேண்டும். விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற வேலை. பிந்தினால் சம்பளத்தில் கழிப்பார்கள். வெளியில் சொல்லக் கூச்சமான ஒன்றை உமக்குச் சொல்கிறேன். நான் அவருடைய மருமகள். யோசெப் இருந்தவரை தகப்பனைக் குளிக்க வார்த்தது அவர்தான். அவர் போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. இப்போது நான் கழுவும்போது மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் வேறெங்கேயோ பார்ப்பேன். சித்திரையில் இரண்டாவது தரம் பாரிசவாதம் வந்த பிறகு ஒரு பக்கம் அவருடைய பாரம் முழுக்க என் மேல்தான். என் இடுப்பு போய்விட்டது.

இங்கே பகுதிக்குப் பகுதி ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது, சி.எல்.எஸ்.சி என்பார்கள். அங்கே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறேன். அரசாங்கப் பராமரிப்பு நிலையத்தில் இடம் வேண்டுமென்றால் முதலில் அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். வருகிறவர், இவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மற்றவர் உதவி வேண்டும் என்று பார்த்து எழுதுவார். அந்த எண்ணிக்கை காணாவிட்டால் இடமில்லை. 28ஆம் திகதி வருகிறார்கள்.

நான் அனுமதி கேட்கவில்லை. ஆனால் நீர் மகள். உமக்குச் சொல்லாமல் செய்ய மாட்டேன்.

மாக்கிரட்


பேர்கன்
22 நவம்பர் 2006

மச்சாள்,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்களா? பதினொரு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில். முப்பத்திரண்டு பேர். எங்களிடம் ஒரு பழைய கப்பல் கப்டன் இருக்கிறார். மூன்று பிள்ளைகளும் இதே ஊரில்தான். நத்தாருக்குப் பூச்செண்டு அனுப்புவார்கள். அதைத் தண்ணீரில் வைப்பது நான். "ஆர் அனுப்பினது?" என்று அவர் நாலைந்து தரம் கேட்பார். அட்டையை வாசித்துக் காட்டுவதும் நான்தான். அவருக்கு நோர்வேஜியன் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் இந்தக் கதி. அப்பாவுக்கு பிரெஞ்சில் "மெர்சி"யை விட்டால் என்ன தெரியும்? தண்ணீர் விடாய்த்தால் எப்படிக் கேட்பார்?

அண்ணை இருந்திருந்தால் இந்தப் படிவம் உங்கள் வீட்டுப் படியேறியிருக்காது.

உங்களுக்கு இடுப்பு நோவென்றால் அரைநாள் வேலைக்கு மாறலாம். றொஷினிக்குப் பதினேழு வயது, குழந்தையில்லை. கீழ்வீட்டில் அல்போன்சம்மா இருக்கிறா. மன்னாரில் எங்கள் அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தா. யாரிடமாவது கொடுத்தோமா?

அப்பாவுக்கு அங்கே போக விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

செலீன்


செயின்ட்-மிஷேல்
11 டிசெம்பர் 2006

செலீன்,

உம்முடைய கடிதம் வர முன்னமே அந்தப் பெண் வந்துவிட்டுப் போய்விட்டா. மதாம் ஜெர்வே என்று பெயர். அமைதியான மனுசி, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தா.

மாமா அன்று விடியவே எழும்பியிருந்தார். முகம் வழிக்க வேண்டும் என்றார். வெள்ளைச் சேர்ட் கேட்டார். கலண்டரைப் பார்த்துப் பார்த்துத் திகதியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ நல்ல நாள் என்றுதான் நான் நினைத்தேன்.

றொஷினி மொழிபெயர்த்தாள். தனியாக உடுப்புப் போடுவீர்களா என்று கேட்டா. "பின்னை? ஆர் எனக்கு உடுத்தி விடுறது?" என்றார். நடக்க முடியுமா என்று கேட்டா. பொல்லு இல்லாமல் எழும்பிக் குசினி வரைக்கும் போய் வந்தார். அவ எழுதக் குனிந்த நேரம் பார்த்துச் சுவரைப் பிடித்தார், நான் கண்டேன். திகதியும் சரியாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் "அப்பிடியில்லை மதாம்" என்று தொடங்கினேன். "பிள்ளை, அவவைக் குழப்பாதை" என்று என்னை அதட்டினார்.

பிறகு அவ, சிறுநீர் தெரியாமல் போவதுண்டா என்று றொஷினியைப் பார்த்துக் கேட்டா. றொஷினி அப்பப்பாவைப் பார்த்தாள். "நோன்", இல்லை என்றாள். அவரிடம் கேட்கவே இல்லை. பின்னேரம் நான் அவளை ஏசினேன். "அம்மா, அவருக்கு முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொல்லுவீங்களோ?" என்று அழுதாள். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

மதாம் ஜெர்வே போனதும் மாமா அந்தச் சேர்ட்டோடேயே படுத்தார். இருட்டும்வரை எழும்பவில்லை. கட்டில் முழுக்க நனைந்திருந்தது. நான் துணி மாற்றும்போது கேட்டார்: "சரியாச் சொன்னன்தானே? ஏலாதெண்டு சொன்னா கொண்டுபோய் விட்டிடுவினமெண்டு மகள் சொன்னவள்."

நீர் எப்போது எடுத்தீர் என்று எனக்குத் தெரியாது. நான் டோர்வலில் நின்ற நேரமாக இருக்கும்.

முடிவு தபாலில் வந்தது. பராமரிப்பு நிலையத்துக்கு அவர் தகுதியில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பெண் வந்து குளிக்க வார்ப்பா. அவ நல்லவ. மிச்ச ஐந்து நாளும் நான்.

விருப்பமா என்று கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறீர். கேட்டேன். தெளிவான நாளில் கேட்டேன். "நீ என்ன சொல்லுறாயோ அது" என்றார். அது ஒரு பதிலா என்று நீரே சொல்லும்.

நத்தார் வாழ்த்து.

மாக்கிரட்


பேர்கன்
3 ஜனவரி 2007

மச்சாள்,

ஓம். நான்தான் சொன்னேன். 27ஆம் திகதி, திங்கட்கிழமை. நீங்கள் வேலையில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் எடுத்தேன்.

"அப்பா, நாளைக்கு ஒரு மனிசி வந்து கேட்டா, எல்லாம் நானே செய்யிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். "மெதுவாச் சொல்லு, எழுதிறன்" என்றார். எழுதினார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துக் காட்டினார். அவ்வளவு தெளிவாக இருந்தார், மச்சாள். இப்படிப்பட்ட மனிசனையா கொண்டுபோய் விடப் பார்க்கிறார்கள் என்று எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

நான் அவரை நேரில் பார்த்து ஐந்தரை வருடம். கொழும்பு விமான நிலையத்தில், உங்களிடம் வர ஏறிய அன்று. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். எனக்குத் தெரிந்த அப்பா அவர்தான். அண்ணையின் செத்தவீட்டுக்கும் எனக்கு விசா சரிவரவில்லை.

மன்னிப்புக் கேட்க இன்னும் மனம் வரவில்லை. வராததை எழுத விருப்பமில்லை. ஆனால் செய்தது சரியென்றும் எழுத மாட்டேன். இங்கே ஒரு குடும்பம் எங்களுக்கு அப்படிச் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

றொஷினியை ஏச வேண்டாம். அவளில் பிழையில்லை.

மாசியில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமோ தெரியாது.

செலீன்


செயின்ட்-மிஷேல்
27 ஜனவரி 2007

செலீன்,

இது சுருக்கமாக இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். மாமா உயிரோடு இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை குளிக்க வார்க்கும் பெண் வந்து போன பிறகு, பத்து மணியளவில், அவர் வெளியே போயிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கத்தால் இரும்புப் படி. பத்தொன்பது படி, எல்லாம் ஐஸ். எப்படி இறங்கினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வெளியே சைபருக்குக் கீழே இருபத்தொரு பாகை. சாரம், சுவெற்றர், வீட்டுச் செருப்பு. பி-நெஃப் வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருக்கிறார். ஒரு பஸ் சாரதி கதவைத் திறந்து, இவர் ஏறாமல் நிற்பதைப் பார்த்து இறங்கி வந்து, தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றிப் போர்த்தி உள்ளே ஏற்றி இருத்தியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லையாம். அம்புலன்ஸ் வரும்வரை பஸ் அங்கேயே நின்றதாம்.

எங்கே போகப் புறப்பட்டார் என்று கேட்டேன். "வேலைக்கு. பிந்திப் போச்சு" என்றார்.

இடது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. ஒன்றை எடுக்க வேண்டி வரலாம்.

உம்மைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போகாதது நான். பூட்டிவிட்டுப் போனால், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று பூட்டாமல் விட்டேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவில் நின்று இதையே யோசித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

திரும்பவும் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். பங்குனியில் வருவார்கள்.

லீவு கிடைத்தால் வாரும்.

மாக்கிரட்


பேர்கன்
8 மார்ச் 2007

அன்புள்ள மச்சாள்,

வந்து சேர்ந்து ஐந்து நாள். விமானத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். தட்டை மூடியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்க மனம் வரவில்லை.

மூன்று கிழமையும் உங்களோடு நான் அதிகம் கதைக்கவில்லை என்று உங்களுக்குக் கவலையாக இருந்திருக்கும். கதைத்தால் அழுதிருப்பேன். நான் அழுதால் நீங்கள் என்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு உங்களுக்கு எங்கே நேரம்?

இரண்டாம் நாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு அப்பாவை நான் கழுவப் போனேன். பதினொரு வருட அனுபவம், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில்தான் போனேன். தண்ணீரைச் சூடு பார்த்து, துவாயைத் தோளில் போட்டு, எல்லாம் முறைப்படி. அவர் கையால் என்னைத் தள்ளினார். "ஆர் நீ? மாக்கிரட்டைக் கூப்பிடு" என்றார். "அப்பா, நான் செலீன்" என்றேன். "செலீன் வெளிநாட்டில" என்றார். பிறகு குளிரில் நடுங்கத் தொடங்கினார். நான் துவாயைச் சுற்றிவிட்டு, நீங்கள் வரும்வரை அப்படியே அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். இதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் வந்ததும், ஏன் உடுப்பு மாற்றவில்லை என்று கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்றேன்.

இனி வேலை விஷயம். கவனமாக வாசியுங்கள்.

நான் வாங்கித் தந்த கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள், எத்தனை தரம் துணி மாற்றினீர்கள், சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம். அழகாக எழுத வேண்டாம். நல்ல நாளைக் காட்டுவது எல்லாக் குடும்பமும் செய்கிற பிழை. வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நாங்கள் வீட்டைக் கூட்டுகிறோம், மனிசரையும் கூட்டித் துடைத்து வைக்கிறோம். மோசமான நாளை எழுதுங்கள். அவர்கள் இடம் கொடுப்பது அந்த நாளுக்குத்தான்.

றொஷினியை மொழிபெயர்க்க விட வேண்டாம். வெளியாள் ஒருவரை ஒழுங்கு செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கடிதத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். நான் யார், என்ன வேலை செய்கிறேன், என் கண்ணால் என்ன கண்டேன், போன தரம் அப்பா அப்படிச் சொன்னது யார் சொல்லி. கையெழுத்து வைத்திருக்கிறேன். மதாமிடம் கொடுங்கள்.

அப்பாவிடமும் கதைத்துவிட்டேன். கடைசி நாள், அவர் தெளிவாக இருந்தபோது. "அப்பா, போனமுறை நான் உங்களைப் பொய் சொல்ல வைச்சன். இந்தமுறை உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன். என்னைக் கன நேரம் பார்த்தார். விளங்கியதோ தெரியாது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இடம் கிடைத்து, சம்மதம் சொல்ல வேண்டி வந்தால், சொல்ல முன் எனக்கு ஒரு தரம் எடுங்கள். தடுக்க மாட்டேன். எனக்கு முதலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இடுப்புக்குப் பட்டி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். எங்கள் வேலையிடத்தில் எல்லோரும் கட்டுவது. சேர்ட்டுக்கு மேலால் கட்டுங்கள்.

செலீன்


செயின்ட்-மிஷேல்
1 ஏப்ரல் 2007

அன்புள்ள செலீன்,

குருத்து ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து எழுதுகிறேன்.

மதாம் ஜெர்வே வெள்ளிக்கிழமை வந்தா. மொழிபெயர்க்க ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தா. சரத் என்று பெயர், சென்னைப் பொடியன், இங்கே படித்துக்கொண்டு பகுதிநேரமாக இந்த வேலை செய்கிறானாம். "ஐயா, நான் சொல்றது புரியுதுங்களா?" என்று கேட்டான். மாமா, "எனக்குக் காது கேக்கும்" என்றார். எனக்குப் பயம் பிடித்தது. அன்றைக்கும் நல்ல நாள்.

கொப்பியைக் கொடுத்தேன். உம்முடைய கடிதத்தையும் கொடுத்தேன். மதாம் கடிதத்தை வாசித்து முடித்து, மடித்து, பைலுக்குள் வைத்தா. பிறகு மாமாவுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதல் கேட்ட அதே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டா. தனியாகக் குளிப்பீர்களா?

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவவைப் பார்த்தார். நிமிர்ந்து இருந்தார்.

"எழுதச் சொல்லும்" என்று சரத்திடம் சொன்னார். "எனக்கு ஏலாது. என்ர மருமகள் வேலைக்குப் போக முந்தி என்னைக் கழுவிறா. அவவின்ர புருசன் என்ர மகன், அவன் இல்லை. அவவுக்கு இடுப்பு நோகுது. நோகுதெண்டு அவ சொல்லுறேல்லை, எனக்குத் தெரியும். நான் சில நாளையில படுக்கையில போயிடுறன். அதையும் எழுதச் சொல்லும்."

சரத் கொஞ்சம் தயங்கினான். "தம்பி, விடாமல் எல்லாத்தையும் சொல்லும்" என்றார் மாமா.

மதாம் எழுதினா. எழுதி முடிந்ததும் மாமா, தான் சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டச் சொன்னார். அவ பிரெஞ்சில் வாசிக்க, சரத் தமிழில் சொல்ல, மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு கையெழுத்துப் போடப் பேனை கேட்டார். அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட இடமே இல்லை. மதாம் தாளின் அடிப்பக்கத்தை விரலால் காட்டினா. மாமா இரண்டு நிமிடம் எடுத்து "ம. சவிரிமுத்து" என்று ஆங்கிலத்தில் வைத்தார். அந்தத் தாளைத் தானே கவனமாக வைத்திருப்பதாக மதாம் சொன்னா.

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவ போகும்போது வாசலில் வைத்து, இந்த முறை எண்ணிக்கை தாண்டும் என்றா. குழு ஒன்று கூடிப் பார்த்து முடிவு சொல்லும். அதற்குப் பிறகு காத்திருப்போர் பட்டியல். விருப்பமான இடங்களின் பெயர் கொடுக்கலாம். ஆனால் முதலில் எங்கே கட்டில் காலியாகிறதோ அங்கேதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஒரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அல்போன்சம்மா என்னை வேறு பயப்படுத்தி வைத்திருந்தா. யோசெப்பும் நானும் மாமாவைக் கனடாவுக்குக் கூப்பிட, அவருடைய செலவை நாங்களே பார்ப்போம் என்று கையெழுத்து வைத்த பத்து வருட ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, அதற்குள் அரசாங்க இடம் கேட்டால் எல்லாச் செலவையும் என்னிடம் அறவிடுவார்கள் என்று. மதாமிடம் கேட்டேன். உதவிப்பணம் கேட்பது ஒன்று, பராமரிப்புக்கு இடம் கேட்பது வேறொன்று என்றா. நிலையத்துக்கு அவர் கட்ட வேண்டியது அவருடைய சொந்த வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத்தானாம். அதற்கு வேறு அலுவலகம், வேறு படிவம். இருந்தாலும் எழுத்தில் பதில் தரும்படி கேட்டிருக்கிறேன். வாயால் சொன்னதை நம்பி இனி நான் ஒன்றும் செய்வதாக இல்லை.

பட்டி வந்தது. கட்டுகிறேன். உதவியாக இருக்கிறது.

மாக்கிரட்


செயின்ட்-மிஷேல்
19 ஜூன் 2007

அன்புள்ள செலீன்,

மாமா போன வியாழக்கிழமை மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் ஒரு நிலையத்துக்குப் போய்விட்டார்.

உமக்கு முதலில் சொல்லவில்லை. அதை எப்படி எழுதுவதென்று நாலு நாள் யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலையிடத்துக்கு ரெலிபோன் வந்தது. சுப்பவைசர் வந்து கூப்பிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போய் எடுத்தேன். கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது, நாளை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். எங்களுக்கு மறுபடி எப்போது வருமென்று சொல்ல முடியாதாம்.

உமக்கு எடுக்க நேரம் இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. ரெலிபோன் அட்டையும் கையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அதே ரெலிபோனில், அவர்கள் வைக்க முன், "ஓம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு போய் மிச்சச் சாப்பாட்டை அடைத்தேன்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர். நீர் வேண்டாம் என்று சொல்லுவீர் என்று பயந்து அல்ல. நீர் அழுதால் நானும் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

மாமாவுக்கு அன்று பின்னேரம் சொன்னேன். "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை ரக்சியில் போனோம். றொஷினியும் வந்தாள். மூன்றாம் மாடி. அறையில் இன்னொருவர், இத்தாலியர், அவருக்கும் பிரெஞ்சு சரிவராது. கவனிக்கும் பெண் ஹெயிட்டிக்காரி, பெரிய உடம்பு, மாமாவை "பப்பா" என்று கூப்பிட்டாள். றொஷினி ஒரு தாளில் தண்ணீர், கக்கூஸ், குளிர், நோகுது என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். தமிழ் உச்சரிப்பை பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் அதிலேயே நின்று "தண்ணி, தண்ணி" என்று சொல்லிப் பழகினாள்.

நான் வெளிக்கிடும்போது மாமா, "நீ போறியோ?" என்றார். "போட்டு நாளைக்கு வாறன்" என்றேன். "வேலைக்குப் பிந்தாதை" என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. செய்ய ஒன்றுமில்லை. கதிரையில் இருந்தேன். நிம்மதியாக இருந்தது, செலீன். அதை உமக்கு மறைக்க மாட்டேன். நிம்மதியாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஒப்பந்தம் பற்றிய பதிலும் எழுத்தில் வந்துவிட்டது. மதாம் சொன்னது சரி. அல்போன்சம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

நான் தினமும் வேலை முடிந்து போகிறேன். இரண்டு பஸ். நீர் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம்.

மாக்கிரட்


பேர்கன்
30 ஜூன் 2007

அன்புள்ள மச்சாள்,

கடிதத்தை வேலையிடத்தில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டுத் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் முழுக்க இருந்தது. எனக்கு எடுத்திருக்கலாம் என்று உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

பிறகு, எடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். "ஒரு மாதம் பொறுங்கோ மச்சாள், நான் ஆடியில் வாறன், வந்து பாப்பம்" என்று சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். நீங்களும் பொறுத்திருப்பீர்கள். கட்டில் அடுத்தவருக்குப் போயிருக்கும். நான் ஆடியில் வந்து மூன்று கிழமை நின்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். கேட்காமல் விட்டது நல்லது.

தையில் எழுத வராதது இப்போது வருகிறது. மச்சாள், நவம்பரில் நான் செய்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதை இன்றைக்கே செய்யுங்கள். அப்பாவின் உடுப்பு எல்லாவற்றிலும் பெயர் தைத்துவிடுங்கள். சாரம், பெனியன், காலுறை, ஒன்றையும் விட வேண்டாம். சலவைக்குப் போனால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மூன்றாம் கிழமை அவர் அந்த இத்தாலியரின் காற்சட்டையோடு இருப்பார். பேனையால் எழுதினால் நாலு தோய்ச்சலில் போய்விடும். நூலால் தையுங்கள், கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம், தோலில் உராயாத இடமாகப் பார்த்து. உங்களுக்கு நேரமில்லையென்றால் எடுத்து வையுங்கள். ஆடி பதினாலாம் திகதி வருகிறேன், நான் தைக்கிறேன்.

செலீன்